யார் கையை வைக்கலாம்? தொட்டுப்பார்க்கும் நூதனசாலைகளின் கதை

1710ஆம் ஆண்டு ஸகாரியாஸ் வொன் உஃபென்பாக் என்ற ஜேர்மன் புத்தகப்பிரியர் ஒருவர் இங்கிலாந்தைச் சுற்றிப் பார்க்க வந்தார். ஒக்ஸ்ஃபோர்டில் இருந்த அஷ்மோலியன் நூதனசாலைக்கும் போனார். 1683இலேயே பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்ட இடம் அது. அவர் போனது ஒரு சந்தை நாள். சாமான் விற்க வந்த கிராமத்துச் சனமெல்லாம் நூதனசாலைக்குள் நிறைந்து நின்றது. மனுசனுக்குச் சரியான கோபம். ஆறு பென்ஸ் குடுத்தால் பெண்களைக்கூட மேலே விடுகிறார்கள், அவர்கள் அங்கேயும் இங்கேயும் ஓடி எல்லாவற்றையும் கையால் பிடிக்கிறார்கள், காவலாள் சொன்னாலும் கேட்கிறதில்லை என்று தன் பயணக்குறிப்பில் புறுபுறுத்து வைத்திருக்கிறார்.

இதை வாசித்தபோது முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகு யோசித்தால், முந்நூறு வருசத்துக்கு முதல் சந்தைக்கு வந்த ஒரு பெண், மரக்கறிக் கூடையை வைத்துவிட்டுப் படியேறிப் போய், எங்கேயோ தூரதேசத்திலிருந்து வந்த ஒரு சாமானைக் கையில் தூக்கிப் பார்த்திருக்கிறாள். அவளின் பெயர் எங்கேயும் இல்லை. அவளைத் திட்டியவரின் பெயர்தான் இருக்கிறது. அவர் திட்டியபடியால்தான் அவள் தொட்டது எங்களுக்குத் தெரியும்.

அடுத்த இருநூறு வருசம் உஃபென்பாக்கின் பக்கம்தான் வென்றது. கண்ணாடிப்பெட்டி வந்தது, கயிறு வந்தது, மூலையில் கதிரை போட்டுக் காவலாள் இருந்தார். இதில் நியாயம் இல்லையென்று சொல்ல ஏலாது. எல்லாரும் தூக்கிப் பார்த்தால் சாமான் மிஞ்சாது. ஆனால் சாமானைக் காப்பாற்றுகிறதோடு சேர்த்து இன்னொன்றும் நடந்தது. மெதுவாக நட, மெதுவாகக் கதை, கையை உன்னோட வைச்சிரு என்று சனத்துக்கு ஒழுங்கு பழக்குகிற இடமாகவும் நூதனசாலை மாறியது.

நாங்கள் இதை நூதனசாலை என்று சொல்வதே ஒரு பகிடிதான். நூதனம் என்றால் புதுமை, உள்ளே போனால் எல்லாம் பழசு. 1877இல் ஆளுநர் கிறகெரியின் காலத்தில் திறந்த கொழும்பு தேசிய நூதனசாலைக்குப் பாடசாலைச் சுற்றுலாவில் போன ஆட்களுக்குத் தெரியும்: இரண்டிரண்டு பேராக வரிசை, கை பின்னால், கண்டி அரசரின் சிம்மாசனத்தை எட்டி நின்று ஒரு பார்வை, வெளியில வந்து ஐஸ்கிறீம்.

சரி, அப்படியென்றால் 'தொடு, திருகு, இழுத்துப் பார்' என்று சொல்கிற நூதனசாலை எங்கேயிருந்து வந்தது? இதைத் தேடித்தான் போன மாதம் முழுக்க வாசித்தேன். கண்டது விஞ்ஞானத்தின் கதையைவிடக் கூடுதலாகக் குடும்பங்களின் கதை. அரசாங்கங்கள் தள்ளிவிட்ட சில மனிசரின் கதையும் கூட.

ஆரம்பம் ஒரு பொத்தானில். பெர்லினில் 1888இல் தொடங்கிய யூரானியா என்ற அமைப்பு, பார்வையாளர்களே பொத்தானை அழுத்தி இயக்கிப் பார்க்கக்கூடிய பரிசோதனைகளை வைத்தது. பிறகு ஒஸ்கார் வொன் மில்லர் என்ற மின்பொறியியலாளர் 1903இல் மியூனிக்கில் டொய்ச்சஸ் மியூசியத்தைத் தொடங்கினார். ஆற்றுத் தீவொன்றில் அதன் பெரிய கட்டடம் திறக்க 1925 ஆகிவிட்டது. அதற்கு முதலே தற்காலிக இடங்களில் இயந்திரங்களை வைத்து, வெட்டித் திறந்து, கைப்பிடி போட்டுக் காட்டத் தொடங்கிவிட்டார்கள்.

இங்கேதான் வரலாற்றை மாற்றிய ஒரு குடும்பச் சுற்றுலா வருகிறது. 1911இல் சிக்காகோவைச் சேர்ந்த யூலியஸ் றோசன்வால்ட் குடும்பத்தோடு மியூனிக் போயிருந்தார். சியர்ஸ் றோபக் என்ற பெரிய தபால்வழிக் கடையின் தலைவர் அவர். கூடப் போன மகன் வில்லியத்துக்கு எட்டு வயது. பெடியன் அந்த நூதனசாலையை விட்டு வெளியில வர மாட்டேன் என்று நின்றான். பொத்தானை அழுத்துகிறது, சக்கரத்தைச் சுற்றுகிறது, திரும்பவும் அழுத்துகிறது. தகப்பன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஊருக்குத் திரும்பிய பிறகும் அது அவரின் மண்டைக்குள் இருந்தது. 1926இல் சிக்காகோவில் இப்படியொன்று கட்டுவதற்கு 30 இலட்சம் டொலர் தருவதாகச் சொன்னார். 1933இல் அது திறந்தபோது அவர் உயிரோடு இல்லை. முதல் வருசமே காலமாகிவிட்டார். இதே றோசன்வால்ட்தான் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கறுப்பினப் பிள்ளைகளுக்காகச் சுமார் 5,000 பாடசாலைகள் எழும்பக் காசு கொடுத்தவர். அதையும் சொல்லாமல் விட்டால் அவரைப் பற்றிச் சொன்னதாகாது.

லண்டன் விஞ்ஞான நூதனசாலை 1931இல் நிலக்கீழ்த் தளத்தில் சிறுவர் கூடம் ஒன்றைத் திறந்தது. அங்கே இருந்த தானாகத் திறக்கிற கதவுதான் பிள்ளைகளுக்குப் பெரிய அதிசயம். பாரிஸில் 1937இல் பௌதிகவியலாளர் ஜோன் பெரான் முன்னின்று தொடங்கிய இடத்தில் விஞ்ஞானிகளே நேரில் நின்று பரிசோதனை செய்து காட்டினார்கள்.

ஆனால் பொத்தானில் ஒரு சிக்கல் இருக்கிறது. நீ அழுத்துவாய், லைட் எரியும், சக்கரம் சுத்தும். பத்துத்தரம் அழுத்தினாலும் அதே சக்கரம் அதே பக்கம்தான் சுத்தும். விடை ஏற்கெனவே உள்ளே பூட்டி வைத்திருக்கிறது. அதைத் திறக்கிற வேலை மட்டும்தான் உன்னுடையது. எங்கட சோதனை வினாத்தாள் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கோவன்.

இந்தச் சிக்கலோடு மல்லுக்கட்டியவரின் பெயர் பிராங் ஒப்பன்ஹைமர். ஓம், அந்த ஒப்பன்ஹைமரின் தம்பிதான். படத்தில் அண்ணனுக்குப் பின்னால் தொப்பியோடு வருவாரே, அவர். அண்ணன் ரொபேர்ட்டைவிட எட்டு வயது இளையவர், 1912இல் பிறந்தவர். அவரும் பௌதிகவியலாளர். அணுகுண்டுக்கு வேண்டிய யுரேனியத்தைப் பிரித்தெடுக்கும் வேலையில் இருந்து, கடைசியில் லொஸ் அலமோஸுக்குப் போனார். 1945 யூலை 16 அதிகாலை முதல் குண்டு வெடித்தபோது அண்ணனுக்குப் பக்கத்தில் நிலத்தில் கிடந்து பார்த்தவர்.

யுத்தம் முடிய மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் படிப்பித்தார். 1930களின் கடைசியில் அவரும் மனைவி ஜக்கியும் கம்யூனிஸ்ட் கட்சியில் உறுப்பினர்களாக இருந்தவர்கள். 1947இல் ஒரு பத்திரிகை இதை எழுதியபோது பிராங் மறுத்தார். 1949இல் அமெரிக்கக் காங்கிரஸின் விசாரணைக்குழு முன் ஒத்துக்கொண்டார். ஆனால் கட்சியில் இருந்த மற்றவர்களின் பெயர்களைச் சொல்லச் சொன்னபோது சொல்ல மாட்டேன் என்றார். வேலை போனது. கடவுச்சீட்டும் கிடைக்கவில்லை. வேறு எந்தப் பல்கலைக்கழகமும் அவரைத் தொடத் துணியவில்லை.

அவர் என்ன செய்தார்? குடும்பச் சொத்தாக வந்த ஒரு வான்கோ ஓவியத்தை விற்று, கொலராடோ மலைப்பகுதியில் பகோசா ஸ்பிரிங்ஸ் என்ற சின்ன ஊருக்குப் பக்கத்தில் பண்ணை வாங்கினார். மாடு வளர்த்தார். கிட்டத்தட்டப் பத்து வருசம். 1957இல் அந்த ஊர்ப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்க இடம் கிடைத்தது. முழுப் பாடசாலையிலும் 300 பிள்ளைகள்கூட இல்லை. அவர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஊர்க் குப்பைமேட்டுக்குப் போவார். கைவிட்ட கார்களின் உதிரிப்பாகங்களைப் பொறுக்கி, அவற்றைக் கழற்றிப் பூட்டிப் பொறியியக்கம், வெப்பம், மின்சாரம் எல்லாம் படிப்பித்தார். எனக்கு இந்தக் கதையிலேயே பிடித்த இடம் இந்தக் குப்பைமேடுதான். உலகத்தின் மிகப் பெரிய ஆய்வுகூடங்களில் நின்ற மனுசன் துருப்பிடித்த கார்பரேட்டரைப் பதினாறு வயதுப் பெடி பெட்டையளின் கையில் குடுத்து "இது என்ன செய்யுது, கண்டுபிடியுங்கோ" என்று விட்டிருக்கிறார். முன்கூட்டியே பூட்டி வைத்த விடை அங்கே கிடையாது.

1959இல் கொலராடோப் பல்கலைக்கழகம் அவரை உள்ளே எடுத்தது. 1965இல் புலமைப்பரிசிலில் லண்டன் போனவர், அங்கிருந்து லண்டன், பாரிஸ், மியூனிக் நூதனசாலைகளைச் சுற்றிப் பார்த்தார். 1969இல் சான் பிரான்சிஸ்கோவில், 1915ஆம் ஆண்டுக் கண்காட்சிக்காகக் கட்டிக் கைவிட்டிருந்த ஒரு பெரிய மண்டபத்தில் எக்ஸ்ப்ளோரட்டோரியத்தைத் திறந்தார். திறப்புவிழா, நாடா வெட்டு ஒன்றும் இல்லை. அரைகுறையாக முடிந்த சில காட்சிப்பொருட்களோடு ஒருநாள் கதவைத் திறந்துவிட்டார், சனம் வந்தது. உள்ளே போகக் காசு இல்லை. தச்சுவேலை, ஒட்டுவேலை நடக்கிற பட்டறை வருகிறவர்கள் பார்க்கக்கூடியமாதிரி உள்ளேயே இருந்தது. உடைந்தால் அங்கேயே திருத்துவார்கள்.

வழிகாட்டிகளாக அவர் வைத்தது உயர்தரப் பாடசாலைப் பிள்ளைகளை. எல்லாம் தெரிந்த ஆள் வந்து பாடம் நடத்துகிறதைவிட, தெரியாத இடத்தில் "எனக்குத் தெரியாது, வாங்கோ செய்து பார்ப்பம்" என்று சொல்லக்கூடிய ஒரு பதினேழு வயதுப் பிள்ளை நல்லம் என்பது அவரின் எண்ணம். 1975இல் தங்கள் காட்சிப்பொருட்களை எப்படிச் செய்வது என்று சமையல் குறிப்புப் புத்தகம் மாதிரியே எழுதி வெளியிட்டார்கள். பெயரும் அதுதான், சமையல் புத்தகம். விரும்பின ஊர் செய்துகொள்ளட்டும். இன்றைக்கு உலகம் முழுக்க இருக்கிற விஞ்ஞான மையங்களில் காற்றில் மிதக்கிற பந்தையோ நிழல் உறைந்து நிற்கிற சுவரையோ கண்டிருந்தால், அதன் வேரில் அந்தப் புத்தகத்துக்கும் ஒரு பங்கு இருக்கக்கூடும். சென்னைக்கு வைத்தியத்துக்கு அம்மா அப்பாவோடு போய், ஒரு பின்னேரம் மிஞ்சினதால் கோட்டூர்புரம் பெரியார் அறிவியல் மையத்துக்குப் போன ஆட்கள் எங்களுக்குள்ளும் இருப்பீர்கள். 1988இல் அங்கே கோளரங்கம் திறந்தது. அதுவும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த இடம்தான்.

பிராங் ஏன் இதைச் செய்தார் என்பதற்குக் 'குண்டு செய்த குற்றவுணர்வு' என்று ஒரு இலகுவான விடை சொல்லலாம். எனக்கு அது போதாது. அவருக்கு நடந்ததைப் பாருங்கோ. தங்களுக்கு விளங்காத ஒன்றை வேறு யாரோ விளங்கிக்கொண்டு முடிவெடுப்பார்கள் என்று ஒரு நாடு முழுக்கப் பேசாமல் இருந்தது, குண்டு விசயத்திலும் சரி, விசாரணைக்குழு விசயத்திலும் சரி. உலகம் தங்களுக்கு விளங்கக்கூடியது என்ற நம்பிக்கையைச் சனம் கைவிடுகிறதுதான் ஆபத்து என்பதை அவர் திரும்பத் திரும்பச் சொல்லி வந்தார். 1985இல் இறக்கும்வரை அந்த மண்டபத்துக்குள்தான் நடந்துதிரிந்தார்.

அதே 1969, செப்டெம்பர் மாதம். கண்டத்தின் மற்றப் பக்கம், ரொரன்ரோ. அங்கே ஒன்ராறியோ விஞ்ஞான மையம் திறக்கிறது. இதைக் கட்டிய கட்டடக்கலைஞர் ரேமண்ட் மொரியாமா. இவரின் கதையையும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும்.

மொரியாமா 1929இல் வன்கூவரில் பிறந்த ஜப்பானிய வம்சாவளிக் கனடியர். சின்ன வயதில் நெருப்பில் வெந்து முதுகிலும் கையிலும் தழும்பு. மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தபோது ஜன்னலால் தெரிந்த ஒரு கட்டட வேலையைப் பார்த்துப் பார்த்துத்தான் கட்டடக்கலைஞராக வேண்டும் என்று நினைத்தாராம். 1942இல் அவருக்குப் பன்னிரண்டு வயது. ஜப்பானோடு யுத்தம் வந்ததும் கனடா அரசாங்கம் சுமார் 22,000 ஜப்பானியக் கனடியர்களை மேற்குக் கரையிலிருந்து கிளப்பி முகாம்களிலும் வேறு இடங்களிலும் போட்டது. பெரும்பாலானோர் கனடாவிலேயே பிறந்தவர்கள். வீடு, வள்ளம், கடை எல்லாம் பறித்து விற்கப்பட்டன. மொரியாமாவின் தகப்பன் எதிர்த்ததால் அவரைத் தனியே பிரித்து யுத்தக்கைதிகள் முகாமுக்கு அனுப்பினார்கள். தாயும் பிள்ளைகளும் மலைகளுக்கு நடுவே ஸ்லோக்கன் பள்ளத்தாக்கு முகாமில்.

முகாமில் பொதுக் குளிப்பறை. தழும்பைப் பார்த்து மற்றவர்கள் சிரிப்பார்கள் என்று பெடியன் ஆற்றில் போய்க் குளிப்பான். யாரும் வருகிறார்களா என்று பார்க்க மரத்தில் ஒரு பரண் கட்டினான். பிடுங்கி எடுத்த பழைய ஆணி, மிச்சப் பலகை. அதுதான் அவரின் முதல் கட்டடம்.

'முகாம்', 'பரண்' என்ற இரண்டு சொல்லையும் எங்கட ஆக்களுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை.

இருபது வருசத்துக்குப் பிறகு, 1964இல், தன்னை முகாமில் போட்ட அதே நாடு தன் நூற்றாண்டு நினைவுக்காக ஒரு விஞ்ஞான மையத்தைக் கட்டித் தரும்படி அவரைக் கேட்கிறது. நூற்றாண்டு 1967. வேலை இழுபட்டு இரண்டு வருசம் பிந்தியது. இடம் டொன் ஆற்றுப் பள்ளத்தாக்கின் விளிம்பு. மரங்களை வெட்டித் தரையை மட்டமாக்காமல், பள்ளத்தாக்கின் சரிவிலேயே மூன்று கட்டடங்களைப் படிப்படியாக இறக்கினார். சனம் மேலே தெருவோரம் உள்ளிட்டு, மரங்களுக்கு மேலால் போகிற பாலத்தைக் கடந்து, இறங்கி இறங்கிப் போகும். ஒரு பெரிய மரப்பரண் மாதிரி என்று சொன்னால் கொஞ்சம் கூடத்தான், ஆனால் படத்தைப் பார்த்தால் எனக்கு அப்படித்தான் இருக்கு.

கனடா ஜப்பானியக் கனடியர்களிடம் மன்னிப்புக் கேட்டது 1988இல். அதற்கு இரண்டு வருசம் முன்னம், 1986 ஓகஸ்ட்டில், நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர்கள் மிதந்து வந்திருந்தார்கள். 83க்குப் பிறகு போனவர்கள், அதற்குப் பின்னால் போனவர்கள் என்று ரொரன்ரோவும் ஸ்காபரோவும் நிரம்பின. இரண்டு வேலை, பேஸ்மன்ட் வீடு, சீட்டுக்காசு. சனி ஞாயிறில் ஒரு நாள் கிடைத்தால் பிள்ளைகளை எங்கே கூட்டிக்கொண்டு போவது? ஸ்காபரோவிலிருந்து பஸ்ஸிலேயே போகக்கூடிய தூரத்தில் இருந்தது விஞ்ஞான மையம்.

எங்கட அம்மம்மா வீட்டு அல்பத்திலும் அந்த நாள் இருக்கிறது. கனடாவிலிருந்து வந்த எல்லார் வீட்டு அல்பமும் ஒரே மாதிரித்தானே: நயாகரா, சி.என். கோபுரம், பனிக்குள்ள நிற்கிற கார். அதோடு இது: 1998 என்று மூலையில் செம்மஞ்சள் இலக்கம் விழுந்த படம். பெரியம்மாவின் மகன், எட்டு வயது, ஒரு வெள்ளி உருண்டையில் கையை வைத்துக்கொண்டு நிற்கிறார். தலைமயிர் முழுக்க முள்ளம்பன்றி மாதிரி எழும்பி நிற்குது. சின்ன வயதில் இந்தப் படத்தைப் பார்த்து அவருக்கு என்னவோ வருத்தம் எண்டு நினைச்சனான்.

அந்த உருண்டைக்குப் பெயர் வன் டி கிராஃப் மின்னாக்கி. உள்ளே ஒரு பட்டி ஓடிக்கொண்டே இருக்கும். அது கீழேயிருந்து மின்னேற்றத்தை அள்ளிக்கொண்டு போய் மேலே உள்ள உலோக உருண்டையில் கொட்டும். நீங்கள் நிலத்தைத் தொடாமல் ஒரு காப்பு மேடையில் நின்று உருண்டையைத் தொட்டால் ஏற்றம் உங்கள் உடம்புக்கும் பரவும். ஒவ்வொரு மயிரும் ஒரே வகை ஏற்றத்தைப் பெறுவதால் ஒன்றை ஒன்று தள்ளும். தள்ளி, ஒன்றுக்கொன்று எட்ட நிற்க வேண்டுமென்றால் எழும்பத்தான் வேணும். 1929இல் ரொபேர்ட் வன் டி கிராஃப் செய்த இந்தக் கருவி, விளையாட்டுச் சாமானாக வந்த ஒன்று கிடையாது. அணுத்துணிக்கைகளை வேகப்படுத்தும் ஆராய்ச்சிக்காகச் செய்தது. லொஸ் அலமோஸிலும் குண்டுக்கான அளவீடுகளுக்கு இப்படியான மின்னாக்கிகள் ஓடின. குண்டின் பக்கத்தில் நின்ற கருவி, இருபத்தைந்து வருசத்தில் பிள்ளைகளின் தலைமயிரை எழுப்பிக் குடும்பத்தைச் சிரிக்கவைக்கிற கருவியாகிவிட்டது.

படத்தின் விளிம்பில் பாதி வெட்டுப்பட்டு இன்னொரு பிள்ளையும் நிற்கிறாள். பெரியம்மாவின் மகள், அப்போது பத்து வயது. தம்பியின் ஜக்கெட்டையும் சாப்பாட்டுப் பையையும் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறாள். இரண்டு பின்னல், எண்ணெய் வைத்து இழுத்துக் கட்டிய பின்னல். போன வருசம் வட்ஸ்அப்பில் இந்தப் படத்தை அனுப்பி, "அக்கா, நீங்கள் ஏன் ஏறேல்லை?" என்று கேட்டேன்.

அவ சிரித்துவிட்டுச் சொன்னா: "ஏறினனான். எழும்பேல்லை. அம்மா பின்னலை அவிழ்க்க விடேல்லை, வெளியில போற இடத்தில தலையை விரிச்சுப் போடக்கூடாதாம். எண்ணெயும் பின்னலும் சேர்ந்தா என்னண்டு எழும்பிறது? அப்பா படம் எடுக்கேல்லை. எடுக்க ஒண்டும் இல்லைத்தானே."

பிறகு இன்னொன்றும் சொன்னா. தம்பிக்கு எழும்பினபோது பெரியப்பா அவரைத் தூக்கி வைத்துக்கொண்டு, மின்னேற்றம் என்றால் என்ன, ஏன் தள்ளுது என்று தனக்குத் தெரிந்த தமிழில் பத்து நிமிசம் விளங்கப்படுத்தினாராம். பெரியப்பா ஊரில விஞ்ஞானம் படிப்பித்தவர். கனடாவில ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை. அவரின் வாத்தியார் வேலை திரும்பிக் கிடைத்த ஒரு பின்னேரம் அது என்று நினைத்தால் எனக்கு அவரிலும் கோபம் வருகுதில்லை. "நான் பையைப் பிடிச்சுக்கொண்டு பக்கத்தில நிண்டு கேட்டனான். எனக்கெண்டு சொல்லேல்லை, ஆனா கேட்டனான்."

இது எங்கட வீட்டுப் பிரச்சினை மட்டும் கிடையாது, தமிழ்ப் பிரச்சினையும் கிடையாது. 2001இல் கெவின் குறோலியும் அவரோடு சேர்ந்த ஆய்வாளர்களும் வெளியிட்ட ஒரு ஆய்வு இருக்கிறது. கலிபோர்னியாவில் ஒரு சிறுவர் நூதனசாலையில் குடும்பங்கள் காட்சிப்பொருட்களைப் பாவிக்கிறதை ஒளிப்பதிவு செய்து, பெற்றோர் என்ன கதைக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தார்கள். ஒன்றிலிருந்து எட்டு வயது வரையான பிள்ளைகள். 'இதை இப்பிடித் திருப்பு, அதை அழுத்து' என்கிற மாதிரிக் கதை ஆண்பிள்ளை, பெண்பிள்ளை இரண்டு பேருக்கும் ஒரே அளவுதான். ஆனால் 'இது ஏன் இப்பிடி நடக்குது' என்று விளக்கம் சொல்கிறது ஆண்பிள்ளைகளுக்கு மூன்று மடங்கு கூட. கேள்வி கேட்கத் தெரியாத குழந்தைகளிடமே இந்த வேறுபாடு இருந்தது. அந்தப் பெற்றோர் எல்லாம் மகளையும் ஆசையாக நூதனசாலைக்குக் கூட்டிக்கொண்டு வந்தவர்கள்தான். ஒருவரும் "உனக்கு இது வேண்டாம்" என்று சொன்னதில்லை.

உஃபென்பாக்குக்குப் பெண்கள் கையை வைத்ததே பிரச்சினை. முந்நூறு வருசத்தில் கை வைக்க விட்டுவிட்டார்கள். ஏன் என்கிற பகுதிதான் இன்னும் பாதி வழியில் நிற்குது. பிராங் எல்லாக் காட்சிப்பொருளையும் சனத்தின் பக்கம் திருப்பி வைத்தார், ஆனால் சனம் குடும்பமாக வரும், குடும்பம் தன் ஒழுங்கையும் உள்ளே கொண்டுவரும். அதை எந்தப் பட்டறையிலும் ஒட்டிச் சரிசெய்ய ஏலாது. ஓ.எல். முடிய "பிள்ளை, உனக்கு ஆர்ட்ஸ்தான் சரி" என்று வீட்டில் சொன்னபோது நான் சண்டை பிடிக்கவில்லை. வரலாறு எனக்கு விருப்பம், இன்றைக்கும் விருப்பம். ஆனால் வேறு எதுவும் விருப்பமா என்று ஒருவரும் கேட்கவில்லை என்பது இந்தக் கட்டுரைக்கு வாசிக்கத் தொடங்கிய பிறகுதான் ஞாபகம் வந்தது.

ஒன்ராறியோ விஞ்ஞான மையம் இப்போது பூட்டிக் கிடக்கிறது. 2024 யூன் 21, வெள்ளிக்கிழமை, அன்றைக்கே பூட்டுகிறோம் என்று மாகாண அரசாங்கம் அறிவித்தது. கூரையில் போட்ட ஒருவகை இலகு கொங்கிறீட் பலகைகள் பலவீனமாகிவிட்டன என்பது காரணம். பொறியியலாளர்களின் அறிக்கையோ, மிக ஆபத்தான பலகைகளைச் சரிசெய்ய ஒக்டோபர் கடைசி வரை காலம் கொடுத்திருந்தது. மொரியாமா தொடங்கிய கட்டடக்கலை நிறுவனம் தாங்கள் காசில்லாமலே உதவுவதாகச் சொன்னது. ஏற்கெனவே 2023இல், மையத்தை ஏரிக்கரைக்குக் கொண்டுபோய் இதைவிடச் சின்னக் கட்டடத்தில் வைக்கப்போவதாக அரசாங்கம் சொல்லியிருந்ததால், கூரை ஒரு சாட்டு என்று கோபப்பட்டவர்கள் பலர். கட்டடத்தைச் சுற்றி வேலி அடிக்கப்பட்டபோது அதைப் பார்க்க மொரியாமா இருக்கவில்லை. 2023 செப்டெம்பரில் அவர் காலமாகிவிட்டார். பக்கத்துத் தொடர்மாடிகளில் இருக்கிறது பெரும்பாலும் புதிதாக வந்து குடியேறிய குடும்பங்கள். நடந்துபோய்ப் பார்க்கக்கூடிய தூரத்தில் இருந்த ஒன்று அவர்களுக்கு இல்லாமல் போனது. ஏரிக்கரை என்றால் அவர்களுக்கு இரண்டு மூன்று பஸ், ரயில் மாறிப் போக வேணும்.

அக்கா அடுத்த நாள் சனிக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு போக இருந்தவ. மகளுக்கு ஆறு வயது, தலைமயிர் கட்டையாக வெட்டியிருக்கு. போக ஏலாமல் போனதால் வீட்டுக் குசினி மேசையில் பேப்பரைச் சின்னச் சின்னத் துண்டாகக் கிழித்துப் போட்டு, ஒரு பிளாஸ்ரிக் சீப்பால் மகளின் தலையை வரவர இழுத்துவிட்டு அதற்கு மேலே பிடித்திருக்கிறா. வீடியோவில் நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். யூன் மாதம், காற்று முழுக்க ஈரம், மின்னேற்றம் நிற்கிறதில்லை. ஒன்றும் எழும்பவில்லை. தலையை நல்லாத் துவாயால் துடைத்துவிட்டுத் திரும்ப இழுத்தார்கள். மூன்றாந்தரமோ நாலாந்தரமோ ஒரு துண்டு மட்டும் துள்ளிப்போய்ச் சீப்பில் ஒட்டியது. "வை?" என்று கேட்டாள். அக்கா எனக்கும் கேட்கிறமாதிரி, பெரியப்பா தம்பிக்குச் சொன்னதை அப்படியே தமிழில் சொல்லத் தொடங்கினா.